மலாவிக்குப் பத்து நாள் ஊழியப் பயணம்: போகலாமா, எப்படிப் போவது?

தம்பி கேட்டிருப்பது இதுதான். அவர் சபையிலிருந்து 12 பேர் வரும் ஜனவரியில் மலாவி நாட்டின் டெட்சா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக்குப் பத்து நாள் ஊழியப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிப்பது, பிள்ளைகளுக்கு விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி), ஒரு மருத்துவ முகாம், ஒரு நாள் அநாதை இல்லத்தில் என்று நிரல் போட்டாயிற்று. "இவ்வளவு செலவழித்துப் போவதால் அவர்களுக்குப் பயன் உண்டா? பேசாமல் பணத்தை அனுப்பிவிடலாமா? போனால் என்ன தயாரிப்பு வேண்டும்?" என்று கேட்கிறார்.

போங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் ஜனவரியில் வேண்டாம், இந்த நிரலோடும் வேண்டாம். நான் அந்த மாவட்டத்துக்கு நான்கு முறை போய் வந்தவன். முதல் பயணத்தில் நாங்கள் செய்த தவறுகளை நீங்களும் செய்யக் கூடாது என்பதற்காகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் மாதத்தைப் பற்றி. மலாவியில் மழை நவம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். வருஷத்துக்கு ஒரு மக்காச்சோள அறுவடை, அது ஏப்ரல், மே மாதங்களில். அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை கிராமங்களில் பஞ்ச காலம். போன வருஷத்துச் சோளம் தீர்ந்திருக்கும், வயலில் நிற்கும் பயிர் இன்னும் முற்றியிருக்காது. வீட்டில் கை கால் நன்றாக இருக்கும் எல்லாரும் களை எடுக்கவும் கூலி வேலைக்கும் போய்விடுவார்கள். மலேரியா உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். மண்சாலையில் வண்டி சிக்கினால் தள்ளுவதற்கும் அவர்கள்தான் வர வேண்டும். அந்த நேரத்தில் 12 விருந்தாளிகள் போய் இறங்குவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாங்கள் பிப்ரவரியில்தான் இறங்கினோம். முதல் நாள் மத்தியானம் சபை மூப்பர் வீட்டில் சாப்பாடு. அங்கே சாப்பிடும் முன் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணொருத்தி ஒரு கையில் தண்ணீர்க் கூஜாவும் மறு கையில் பேசினுமாக வந்து, ஒவ்வொரு விருந்தாளி முன்னாலும் மண்டியிட்டு, கைகழுவத் தண்ணீர் ஊற்றுவாள். அன்று ஊற்றிய பிள்ளைக்கு 10 வயதிருக்கும். எங்களுக்குச் சோறும் கோழிக் குழம்பும் வந்தன. நாங்களோ வயிறு கெட்டுவிடும் என்ற பயத்தில் பாதியை வைத்துவிட்டு, பையிலிருந்த பிஸ்கட்டைத் தின்றோம். கை துடைக்க வெளியே வந்தபோது பார்த்தேன், சமையல் குடிசை வாசலில் வீட்டுக்காரர்கள் எல்லாரும் பூசணிக் கீரையைத் தொட்டுக்கொண்டு ந்சிமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ந்சிமா என்பது சோளமாவைக் கிண்டிச் செய்வது, நம் களி மாதிரி. எங்களுக்கு வைத்த அரிசி கடனுக்கு வாங்கியது, கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி என்று மூன்றாம் நாள் மொழிபெயர்ப்பாளர் சொல்லித்தான் தெரிந்தது. அந்தப் பாதிச் சோற்றை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பக்கத்து டான்சானியாவில் சுவாஹிலியில் ஒரு பழமொழி உண்டு: விருந்தாளிக்கு இரண்டு நாள், மூன்றாம் நாள் கையில் மண்வெட்டியைக் கொடு. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வதற்கு அடுத்த படி இது. பத்து நாள் போகிறவர்கள் மண்வெட்டி பிடிக்கத் தயாராகப் போக வேண்டும். அரிசி, எண்ணெய், சோளமாவுச் செலவை அங்குள்ள சபையிடம் முன்கூட்டியே கொடுத்து, அவர்கள் சமைப்பதையே அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கையால் சாப்பிடத் தெரிந்த நமக்கு ந்சிமா சாப்பிட ஒரு நாளில் வந்துவிடும். சின்ன உருண்டையாக உருட்டி, கட்டைவிரலால் குழி செய்து, கீரையையோ கருவாட்டையோ அதில் வாரி எடுப்பார்கள். வலது கைதான். நாம் அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்ததும் பாட்டிமார் முகத்தில் வரும் சந்தோஷத்தை எந்தச் சாட்சியாலும் கொண்டுவர முடியாது.

ஆக, ஜூனில் அல்லது ஜூலையில் போங்கள். அறுவடை முடிந்து வீட்டில் சோளம் இருக்கும், சாலை காய்ந்திருக்கும். ஆனால் டெட்சா 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் மலைப்பகுதி. அந்த மாதங்களில் இரவுக் குளிர் நடுக்கிவிடும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்து எங்கள் இரண்டாம் குழுவில் ஒருவரும் ஸ்வெட்டர் எடுக்கவில்லை.

அடுத்து பெயின்ட் விஷயம். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். முதல் பயணத்தில் நாங்களும் வகுப்பறைச் சுவருக்குத்தான் பெயின்ட் அடித்தோம். பத்துப் பேர், நான்கு நாள். பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கைப்பம்பு இருந்தது. காலையிலும் மாலையிலும் பெண்கள் அதைத் தாண்டி, தலையில் வாளியோடு ஓடைப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் ஆயுள் முழுக்க இயந்திரங்களோடு வேலை பார்த்தவன். என் கண்ணிலேயே அது படவில்லை. நான்காம் நாள் சபையின் பெண்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஓர் அம்மாவிடம், பொழுது போக்காக, "ஏன் இந்தப் பம்பில் பிடிப்பதில்லை?" என்று கேட்டேன். அடித்துக் காட்டினார். கைப்பிடி லேசாக ஆடியது. நாற்பது தடவை அடித்த பிறகு ஒரு செம்பு தண்ணீர் வந்தது.

அது அஃப்ரிடெவ் வகைப் பம்பு. மலாவிக் கிராமங்களில் பெரும்பாலும் அதுதான். 1980-களில் மலாவியிலும் கென்யாவிலும் சோதித்து உருவாக்கியது, கிராமத்தாரே பழுது பார்க்க வேண்டும் என்பதற்காகவே. மேல்மூடியைத் திறக்க ஒரே ஒரு ஸ்பானர் போதும். உள்ளே இருக்கும் கம்பிகள் கொக்கி மாட்டியதுபோல் ஒன்றோடொன்று கோர்த்திருக்கும், கையாலேயே மேலே இழுத்துவிடலாம். குழாயைத் தூக்க வேண்டியதில்லை. (நம் ஊர்த் தெருக்களில் அடித்த இந்தியா மார்க் 2 பம்பும் ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் இருக்கிறது. சென்னையில் தயாராகி உலகம் சுற்றிய பம்பு அது. ஆனால் அதன் குழாயைத் தூக்க ஆள் பலமும் தளவாடமும் வேண்டும்.) மறுநாள் பக்கத்து ஊரிலிருந்து பம்பு மெக்கானிக் சைக்கிளில் வந்தார். கம்பிகளை இழுத்தார், தேய்ந்துபோன ரப்பர் சீலை மாற்றினார், திரும்ப இறக்கினார். ஒரு மணி நேரம் ஆகவில்லை, தண்ணீர் கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். ஆமாம், நம்மைப் போலவே அவர்களும் குலவையிடுவார்கள். உதிரி பாகம், கூலி எல்லாம் சேர்த்து எங்கள் ஒரு டின் பெயின்ட் விலைகூட வரவில்லை. ஊர்த் தண்ணீர்க் குழுவிடம் அந்தப் பணம் இல்லாமல் போனதற்குக் காரணமும் அந்தப் பஞ்ச மாதம்தான்.

பெயின்ட் அடிப்பது தவறு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சுவருக்குப் பெயின்ட் வேண்டும் என்று யார் கேட்டார்கள் என்பதுதான் என் கேள்வி. எங்கள் விஷயத்தில் யாரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டோம், "பெயின்ட் அடிக்கட்டுமா?" என்று. வீட்டுக்கு வரும் விருந்தாளி ஒன்றைச் செய்யட்டுமா என்று கேட்டால் யார் வேண்டாம் என்பார்கள்? இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஊரிலேயே கொத்தனாரும் பெயின்டரும் வேலையில்லாமல் உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் வேலையை நாங்கள் இலவசமாகச் செய்து அவர்கள் கூலியைக் கெடுத்தோம். கட்டட வேலை உண்மையிலேயே தேவையென்றால் அவர்களுக்குக் கூலி கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் சித்தாள் வேலைக்கு நில்லுங்கள்.

அங்கே பேசும் சிச்சேவா மொழியில் ஒரு சொல்வழக்கு உண்டு: "ம்லெண்டோ ந்தியே அட்ஸா ந்தி கலூமோ ககூத்வா." கூரான கத்தியைக் கொண்டுவருகிறவன் விருந்தாளிதான் என்று பொருள். வெளியிலிருந்து வருகிறவனுக்குத் தங்களுக்குத் தெரியாத ஒன்று தெரிந்திருக்கலாம் என்று அவ்வளவு பெரிய மனசோடு வரவேற்கிறார்கள். அதனால்தான் நாம் சொல்வதை மறுக்க மாட்டார்கள். அவர்கள் தலையாட்டுவதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாமல், சபைப் போதகர், ஊர்த்தலைவர், பெண்கள் ஐக்கியம் என்று மூன்று இடத்திலும் தனித்தனியாகக் கேளுங்கள். பெண்களிடம் கேட்காவிட்டால் தண்ணீரைப் பற்றி உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். கிராமத்துக்குள் போனதும் முதல் வேலை ஊர்த்தலைவரைப் போய்ப் பார்ப்பது. அது மரியாதை, தவறவே கூடாது.

"சுவிசேஷம் அறியாத மக்கள்" என்று உங்கள் சபை அறிவிப்பில் இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடச் சொல்லுங்கள். மலாவி மக்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் கிறிஸ்தவர்கள். ஸ்காட்லாந்து மிஷனரிகள் 1875-ல் மலாவி ஏரிக்கரையில் கேப் மக்ளியரில் லிவிங்ஸ்டோனியா மிஷனைத் தொடங்கினார்கள். மலேரியாவில் ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள், கல்லறைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. 1881-ல் பண்டாவே என்ற இடத்துக்கு மாறினார்கள். வடக்கே ங்கோனி மக்களிடம் முதலில் போய்ப் பேசி அவர்கள் மனசைத் திறந்தவர் வில்லியம் கோயி. அவர் வெள்ளைக்காரர் இல்லை, தென்னாப்பிரிக்காவின் லவ்டேலிலிருந்து 1876-ல் வந்த கோசா இனத்து ஊழியர். ங்கோனிகளின் மொழி அவர் மொழிக்கு நெருக்கமாக இருந்தது, அதனால் அவர் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். 1886-ல் அங்கேயே இறந்தார். நீங்கள் போகும் டெட்சா பக்கம், 1889-ல் மலாவியில் ஊழியம் தொடங்கிய தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்த சபையார் ஊழியம் செய்த பகுதி. முழு வேதாகமம் 1922-லேயே அந்த மக்களின் மொழியில் வந்துவிட்டது. 1915-ல் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகளின் கொடுமைக்கு எதிராக எழுந்து உயிர் விட்ட ஜான் சிலெம்ப்வே ஒரு பாப்டிஸ்ட் போதகர். நாட்டின் பணத்தாளில் அவர் முகம் இருக்கிறது, ஜனவரி 15 அவர் பெயரில் அரசு விடுமுறை. இப்படிப்பட்ட சபைக்குத்தான் நீங்கள் போகிறீர்கள். அவர்களுக்குப் பிரசங்கம் செய்யலாம், தாராளமாக. ஆனால் அவர்கள் பிரசங்கத்தையும் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஞாயிறு ஆராதனை மூன்று மணி நேரம் போகும். ஒரு பாடகர் குழு பாடி முடித்ததும் அடுத்தது எழுந்துவரும். காணிக்கை நேரத்தில் சோளமும் கோழியும் வரும். நம் திருநெல்வேலிப் பக்கத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் வாழைத்தாரும் சேவலும் ஆலயத்துக்கு வருவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி அப்படியே வீட்டுக் காட்சி.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மேற்கத்திய மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து பேசினார். ஏழைகளைப் போஷிக்க உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், சுட்டெரிக்கப்பட உங்கள் சரீரத்தைக் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். அப்போது கேட்கிற இடத்தில் நாம் இருந்தோம். மலாவிக்குப் போய் இறங்கும்போது நாம் அந்த மேற்கத்தியர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்காருகிறோம். பையில் பணமும் கையில் கேமராவும் இருக்கிறது. எங்கள் குழுவில் ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் அந்தப் பேச்சை வாசிப்போம்.

அங்கே உங்களை யாரும் வெள்ளைக்காரன் என்று நினைக்க மாட்டார்கள். "ம்வென்யே" என்பார்கள், இந்தியக்காரன் என்று அர்த்தம். தலைநகர் லிலொங்வேயில் கடை வைத்திருக்கும் குஜராத்திகள்தான் அவர்கள் அறிந்த இந்தியர்கள். அந்த உறவு பெரும்பாலும் முதலாளி, வேலைக்காரன் உறவு. 1970-களில் ஜனாதிபதி கமுசு பண்டா ஆட்சியில் இந்திய வியாபாரிகளைக் கிராமங்களிலிருந்து நகரங்களுக்கு நகர்த்தியும் விட்டார்கள். அதனால் ஓர் இந்தியன் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து ந்சிமா சாப்பிடுவது அவர்களுக்குப் புதுசு. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இதை மட்டும் செய்தாலும் அது ஊழியம்தான் என்பேன்.

விபிஎஸ் நடத்தலாம், ஆனால் அந்தச் சபையின் ஞாயிறு பள்ளி டீச்சர்தான் முன்னால் நிற்க வேண்டும். மரத்தடியில் நூறு பிள்ளைகளை வாரா வாரம் வைத்துக்கொள்கிறவர் அவர். நீங்கள் வந்து பலூனும் பரிசும் கொடுத்துப் போய்விட்டால் அடுத்த ஞாயிறு அந்த அம்மா வெறுங்கையோடு நிற்பார். வண்டியிலிருந்து மிட்டாய் எறிவது கூடவே கூடாது. நான் பார்த்திருக்கிறேன், ஒரு சின்னப் பையன் சக்கரத்துக்குப் பக்கத்தில் விழுந்தான்.

மருத்துவ முகாமைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். உங்கள் குழுவில் டாக்டர் இருந்தாலும் அந்த நாட்டு மருத்துவக் கவுன்சிலின் அனுமதி இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது. படிக்காதவர்கள் ஊசியையும் மாத்திரையையும் தொடவே கூடாது. உகாண்டாவின் ஜிஞ்சாவில் மருத்துவப் படிப்பில்லாத ஓர் இளம் அமெரிக்க மிஷனரி, சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு மையம் நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் அங்கே இறந்தார்கள். 2019-ல் இரண்டு தாய்மார் வழக்குப் போட்டார்கள், 2020-ல் பணம் கொடுத்துச் சமரசமாக முடிந்தது. நல்ல மனசோடு போனவர்தான் அவரும். அப்புறம், முகாமில் ரத்தக் கொதிப்புக்குப் பத்து நாள் மாத்திரை கொடுத்தால் பதினோராம் நாள் யார் கொடுப்பார்கள்? மலாவியில் சபைகள் நடத்தும் மருத்துவமனைகள் 1966 முதல் ஒரே சங்கமாக இயங்குகின்றன, கிராம அளவில் அரசின் சுகாதாரப் பணியாளர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய், உங்கள் டாக்டர் ஒரு வாரம் அவர்கள் கீழ் என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

அநாதை இல்ல நாளை நிரலிலிருந்து எடுத்துவிடுங்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள், வறுமைதான் அங்கே கொண்டுவந்து விட்டது. வருகிறவர்கள் பணம் கொடுப்பதால் இல்லங்கள் பெருகுகின்றன. கென்யா அரசு 2017-ல் புதிய இல்லங்களைப் பதிவு செய்வதையே நிறுத்தியது. இன்றைக்குத் தூக்கிக் கொஞ்சி நாளைக்கு விட்டுப்போகும் மாமா, அத்தை அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டாம். பிள்ளைகளோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதும் அப்படியே. உங்கள் பிள்ளையின் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் போட்டால் ஒத்துக்கொள்வீர்களா?

இனி தயாரிப்பு. பெரும்பாலும் அடிஸ் அபாபா வழியாகத்தான் போவீர்கள். எத்தியோப்பியா மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடு. வழியில் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து தங்கினாலோ, உள்ளேயே நீண்ட நேரம் காத்திருந்தாலோ தடுப்பூசிச் சான்று கேட்கலாம், மலாவியிலும், திரும்பும்போது இந்தியாவிலும். இல்லாவிட்டால் இங்கே ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்ட பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும், ஆயுளுக்கு ஒரு தடவை போதும். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை கண்டிப்பாக வேண்டும், எது என்று டாக்டர் சொல்வார். சிலது ஊர் திரும்பி ஏழு நாள் வரை, சிலது நான்கு வாரம் வரை சாப்பிட வேண்டும், நடுவில் நிறுத்திவிடாதீர்கள். திரும்பி வந்து சில மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மலாவி போனேன் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். இங்கே வைரஸ் காய்ச்சல் என்று இரண்டு நாள் தள்ளினால் மலாவியில் வரும் வகை மலேரியா ஆளைக் கொன்றுவிடும். மலாவி ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் நத்தை வழியாகத் தோலில் புகும் பில்ஹார்சியா புழு பல இடங்களில் உண்டு. உள்ளூர் ஆட்களைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

பெண்கள் பாவாடை, சுடிதார் எதுவானாலும் மேலே ஒரு சித்தென்ஜே சுற்றிக்கொள்ளட்டும். இரண்டு மீட்டர் அச்சுத் துணி, அங்கேயே சந்தையில் வாங்கலாம். பிள்ளையை முதுகில் கட்ட, சுமை தூக்க, உட்கார எல்லாம் அதுதான். பழைய துணி மூட்டை எடுத்துப் போகாதீர்கள். கவுஞ்சிகா என்ற பெயரில் உலகத்துப் பழைய துணியெல்லாம் ஏற்கெனவே அவர்கள் சந்தையில் குவிந்து கிடக்கிறது. வேதாகமம் கொடுப்பதானால் சிச்சேவா வேதாகமத்தை அங்கேயே வாங்குங்கள். மொழியில் "மூலி ப்வான்ஜி" என்று நலம் விசாரிக்கவும், "ஸிகோமோ" என்று நன்றி சொல்லவும் பழகுங்கள். நலம் விசாரிக்காமல் எந்தப் பேச்சையும் தொடங்காதீர்கள், வழி கேட்பதானாலும்.

கடைசியாகப் பணம். அனுப்பிவிடலாமா என்ற கேள்வி நேர்மையான கேள்வி. 12 பேர் டிக்கெட் பணத்தில் ஒரு கிராமத்தில் எவ்வளவோ செய்யலாம். என் யோசனை, 12 பேருக்குப் பதில் நான்கு பேர் போங்கள், மிச்ச எட்டுப் பேர் பணத்தில் ஒரு பங்கை அந்தச் சபை சொல்லும் காரியத்துக்குக் கொடுங்கள். இன்னொரு பங்கை எடுத்து வைத்து, அடுத்த வருஷம் அந்தப் போதகரையும் ஓர் அம்மாவையும் நம் ஊருக்குக் கூட்டி வாருங்கள். ஸ்காட்லாந்து சபைகள் மலாவி சபைகளோடு இப்படி இரண்டு பக்கமும் போய் வருகின்றன. விசாவுக்கு நிறைய அலைய வேண்டியிருக்கும், அலையுங்கள். எங்கள் மூன்றாம் பயணத்துக்குப் பின் அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். எங்கள் வீட்டில் பத்து நாள் இருந்தார்கள். நான் தண்ணீர் ஊற்ற, அந்த அம்மா கை கழுவினார். பம்பை அடித்துக் காட்டினாரே, அதே அம்மாதான்.

இப்போதும் நவம்பர் வந்தால் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வரும். அங்கேயும் இங்கேயும் ஒரே மாதத்தில்தான் மழை எதிர்பார்க்கிறோம். "எங்களுக்கு இன்னும் இறங்கவில்லை, உங்களுக்கு வந்துவிட்டதா?" என்று கேட்பார்.

உங்கள் போதகரிடம் தேதியை மாற்றப் பேசிவிட்டு எழுதுங்கள் தம்பி. டெட்சாவில் எந்தக் கிராமம் என்று சொன்னால், பேச வேண்டிய ஆட்களைக் கேட்டுச் சொல்கிறேன்.